மஞ்சள் தடவிய மூன்று பத்திரிகைகள்

வருஷத்துக்கு இருபத்தைந்துக்கும் குறைவாக வீட்டுக்கடன் கொடுக்கும் சின்ன வங்கி விவர அறிக்கை அனுப்பவேண்டாம் என்பது விதி. சோதனைக்கு வந்த அதிகாரியோ மேசையைத் தட்டினார்: "இந்த வருஷம் மூணே வீட்டுக்கடனா? நம்பமுடியாது. நூறு கட்டம் உள்ள அறிக்கைப் படிவத்தை நிரப்புங்க, இல்லேன்னா அபராதம்!"

மேனேஜர் பேனாவைத் தேடினார். அட்டெண்டர் வடிவாம்பாள் மஞ்சள் தடவிய மூன்று கிரகப்பிரவேசப் பத்திரிகைகளை நீட்டினாள். "எங்க கடன்ல வீடு கட்டுறவங்க முதல் பத்திரிகையை இங்கதான் வைப்பாங்க, சார்."

"யாராவது வைக்காம விட்டிருந்தா?"

"அவங்ககூட மேனேஜர் பேசமாட்டாரு. ஊர்ல விசாரிச்சுப் பாருங்க."

அதிகாரி எதிர் டீக்கடையில் விசாரித்தார். மேனேஜர் பேசாத ஆள் ஊரிலேயே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு 'விலக்கு உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வடிவாம்பாள் மூன்றாவது பத்திரிகையை அவர் கையில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை விசேஷம். வந்துடுங்க சார். வரலேன்னா மேனேஜர் உங்ககூடவும் பேசமாட்டாரு."