செருப்புப் பெட்டியில் ஆறுமணிக்குருவி

"அஞ்சு வருஷமாச்சு மேடம்! நேத்து சேர்ந்தவங்கல்லாம் பார்த்துட்டாங்க. எனக்கு மட்டும் அந்த ஆறுமணிக்குருவி கண்ணுல படவே மாட்டேங்குது."

இப்படிப் புலம்பிய தணிகாசலம் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். அவருக்கு அறுபத்து மூன்று வயது. ஞாயிறுதோறும் சென்னைக்குள் பறவை பார்க்கக் கற்றுத்தரும் ஹெலனுக்கு முப்பத்தொன்று.

ஹெலன் டீயை ஊதிக் குடித்தாள்.

அவர் புலம்பும்போதெல்லாம் அவள் அப்படித்தான். அவருக்குப் பாதி எரிச்சல் அதனால்தான்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் குருவி நகரத்தைக் கடந்து தெற்கே போகிற பருவம். காலை பதினொரு மணிக்கு அவளே போன் செய்தாள்.

"சார், தரமணியில என் ஆபீஸ் வாசலுக்கு வர்றீங்களா? ஆறுமணிக்குருவி."

ஆட்டோ பிடித்து ஓடினார். கழுத்தில் பைனாகுலர், தோளில் கேமரா.

வேப்பமரத்தடியில் ஹெலன் ஒரு செருப்புப் பெட்டியோடு நின்றாள். மூடியில் சின்ன ஓட்டைகள்.

"எங்கே?"

"இதுக்குள்ள. கண்ணாடிச் சுவர்ல மோதி விழுந்துடுச்சு. இருட்டுல கொஞ்ச நேரம் இருந்தா தெளியலாம். எனக்கு மீட்டிங் இருக்கு. நீங்க வெச்சுக்கோங்க."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு..."

"திறந்தா பயத்துலயே செத்துடும் சார்."

போய்விட்டாள்.

அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன சார் அதுல?" காவலாளி கேட்டார்.

"குருவி."

"காட்டுங்களேன்."

"நானே இன்னும் பார்க்கலைய்யா!"

விரல் மூடியின் விளிம்புக்குப் போனது. திரும்பியது. மறுபடி போனது.

பெட்டிக்குள் அசைவே இல்லை. காதை வைத்துக் கேட்டார்.

"ஏய், இருக்கியா?"

பன்னிரண்டரைக்கும் சத்தமில்லை. கேமரா தோளில் இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

ஒரு மணிக்கு உள்ளே பிறாண்டும் சத்தம். உடனே ஹெலனுக்கு போன் போட்டார்.

"திறந்துடுங்க சார். செடிப் பக்கமா."

செடியோரம் பெட்டியை வைத்தார். நிமிர்ந்தால், மதில்மேல் இரண்டு காகங்கள்.

"போ! போய்த் தொலை!"

கேமராவை வாரோடு சுழற்றினார். காகங்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், காலால் மூடியைத் தள்ளினார்.

பின்னால் விர்ரென்று ஒரு சத்தம்.

திரும்பினார். காலிப் பெட்டி.

போனில் ஹெலன் இன்னும் இருந்தாள். "பார்த்தீங்களா சார்?"

"பறந்துடுச்சு மேடம்!" அவருக்கு மூச்சு வாங்கியது. "நல்லாப் பறந்துடுச்சு!"