குன்றிமணிப் பானையும் புலவரின் கடைவாய்ப் பல்லும்

மாதம் மும்மாரி பெய்த காலத்தில் செம்பாறை நாட்டைக் கடம்பவேலன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும். மறுநாள் அதை மாற்றினாலும் மாற்றுவார். அவரைக் கட்டிக்கொண்ட அரசி எப்படித்தான் நிம்மதியாகத் தூங்கினாளோ.

அரசர் ஒரு வைத்தியக் கல்லூரி நடத்திவந்தார். அங்கே பல் வைத்தியம் சொல்லிக்கொடுக்க இரண்டு ஆசிரியர்கள். தேனப்பர் பாட்டும் சிரிப்புக் கதையுமாகப் பாடம் நடத்துவார். ஆதிநாதர் சிரிக்கவே மாட்டார். பூசணிக்காயில் மூங்கில் முளைகளை அடித்துவைத்து, காய் கிழியாமல் குறட்டால் பிடுங்கச் சொல்வார். காய் கிழிந்தால் "மறுபடியும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஆதிநாதரைக் கல்லூரிக்கு அழைத்து வந்தவர் அமைச்சர் வெண்கோடனார். அமைச்சர்மேல் அவைப் புலவர் மாரசிங்கருக்கு நெடுநாள் பொறாமை. போதாததற்குத் தேனப்பர் புலவருடைய மைத்துனர்.

ஒருநாள் மாரசிங்கர் அரசரிடம் போனார். "அரசே, ஆசிரியரைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளையே கேட்டால் என்ன? ஆசிரியருக்கொரு பானை வைப்போம். ஆசிரியரைப் பிடித்திருந்தால் குன்றிமணி போடட்டும், பிடிக்காவிட்டால் புளியங்கொட்டை. புளியங்கொட்டை மிகுந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்."

"அருமை. நாளைக்கே வையுங்கள்" என்றார் அரசர்.

மறுநாள் பானைகள் அவைக்கு வந்தன. தேனப்பரின் பானை சிவப்பாக நிறைந்திருந்தது. ஆதிநாதரின் பானையில் புளியங்கொட்டையைத் தவிர வேறு ஒன்றுமில்லை. நரைத்த தலையோடு அவர் ஓரமாக நின்றார். அந்த வயதில் வேலை போனால் எந்த ஊரில் போய்ப் பிழைப்பது? வீட்டில் நோயாளி மனைவி வேறு.

வெண்கோடனார் தேனப்பரின் பானைக்குள் கையை விட்டார். விரலெல்லாம் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். "குன்றிமணியில் வெல்லப்பாகு மணக்கிறதே?"

"பிள்ளைகள் பசியோடு வந்தார்கள். ஆளுக்கு ஓர் அதிரசம் கொடுத்தேன்" என்றார் தேனப்பர்.

"அதிரசம் கொடுப்பது குற்றமா அமைச்சரே?" என்ற அரசர் தேனப்பரைப் பார்த்தார். "எனக்கு ஏன் அனுப்பவில்லை?"

அவை சிரித்தது. இது எடுபடாது என்று அமைச்சருக்குப் புரிந்தது. அப்போதுதான் மாரசிங்கரின் கன்னம் அவர் கண்ணில் பட்டது. "புலவரே, இடது கன்னம் வீங்கியிருக்கிறதே."

"கடைவாய்ப் பல். வெற்றிலைகூடப் போட முடியவில்லை."

"அரசே, நல்ல ஆசிரியர் யாரென்றுதான் தெரிந்துவிட்டதே. தேனப்பரின் மாணவர் ஒருவரை அழைத்து, புலவரின் பல்லை இங்கேயே எடுத்துவிடச் சொல்லலாமே."

"வலி குறைந்துவிட்டது" என்றார் மாரசிங்கர் அவசரமாக.

"குறையவில்லை. காலையில் என் காதுபடப் புலம்பினீர். உட்காரும்" என்றார் அரசர்.

தேனப்பரின் மாணவன் ஒருவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, எந்தப் பக்கத்துப் பல்?"

மாரசிங்கர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கொஞ்சம் நில். அரசே, வேறு யாராவது..."

"யார் வேண்டும்?"

புலவர் தரையைப் பார்த்தார். "ஆதிநாதரின் மாணவர் யாராவது."

"உங்கள் மைத்துனரின் பானைதானே நிறைந்திருக்கிறது புலவரே?" என்றார் அமைச்சர்.

"பானை வேறு, பல் வேறு ஐயா."

அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். செங்கமலம் என்ற மாணவி வந்தாள். சின்னப் பெண், இத்தனை பேர் பார்க்க எப்படிச் செய்வாளோ என்று நமக்குத்தான் பதைக்கிறது. அவள் புலவரின் தாடையைப் பிடித்தாள், குறட்டை மெல்ல அசைத்தாள், அவர் கத்துவதற்குமுன் பல் தட்டில் கிடந்தது.

"நீயும் ஆதிநாதருக்குப் புளியங்கொட்டைதானே போட்டாய்?" என்று கேட்டார் அரசர்.

"ஆமாம் அரசே. பிடித்திருக்கிறதா என்று கேட்டீர்கள். பிடிக்கவில்லை. காய் கிழிந்தால் 'மறுபடியும்' என்பார். கை எங்கே தவறியது என்று சொல்லமாட்டார். முதலில் மணிக்கட்டை அசைக்க வேண்டும் என்று நானாகக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது."

"தொழில் கற்றுக்கொண்டாயா என்று கேட்டிருந்தால்?"

"குன்றிமணி போட்டிருப்பேன்."

ஆதிநாதருக்கு முகம் சுருங்கியது. "இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை, அம்மா?"

"நீங்கள் கேட்கவில்லையே ஐயா."

அவர் மெல்லத் தலையசைத்தார்.

வெண்கோடனார் அரசரிடம் சொன்னார்: "பிள்ளைகளைக் கேட்டது நல்ல காரியம் அரசே. கேட்ட கேள்விதான் கோணல். என்ன கற்றாய், எங்கே விளங்கவில்லை என்று கேட்போம். அதையும் பாடம் நடக்கும்போதே கேட்போம். அப்போதுதான் ஆசிரியர் திருத்திக்கொள்ள முடியும். எல்லாம் முடிந்தபின் கேட்டால் ஆளைத் துரத்தத்தான் உதவும்."

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. ஆதிநாதரின் வேலை நிலைத்தது. அவர் தேனப்பரிடம் பேசப் பழக வேண்டும், தேனப்பர் அவரிடம் பூசணிக்காய் பழக வேண்டும் என்று ஆணை பிறந்தது. அமைச்சருக்குப் பொன்னாடை கிடைத்தது. பூசணிக்காயில் முளை அடித்துக்கொடுக்கும் வேலை மாரசிங்கருக்கு. வீங்கிய வாயோடு அவர் "உத்தரவு" என்றார்.

அரசருக்கு உற்சாகம் அடங்கவில்லை. "என்னைப் பற்றியும் குடிமக்களைக் கேட்கலாமே. 'அரசர் நல்லவரா?' எப்படி இருக்கிறது கேள்வி?"

"அதற்கு எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள் அரசே. 'உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறதா?' என்று கேளுங்கள்" என்றார் அமைச்சர்.

அரசர் மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாளே வாய்க்கால் தூர்வார ஆட்கள் கிளம்பினார்கள். குடிமக்களைக் கேட்பது மட்டும் அறுவடைக்குப் பிறகு என்று தள்ளிப்போயிற்று. அந்த ஆண்டு கடைமடை வயல்வரை தண்ணீர் போய்ச் சேர்ந்தது.