வாசல் நத்தை ஏன் சிமிட்டுகிறது

அந்தக் காலத்தில் என்றதும் ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குள் கணினி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் குடியிருந்த உயிர்களுக்கு இன்னும் வாய் போகவில்லை. எல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

ஒவ்வொரு கணினிப் பெட்டிக்குள்ளும் ஓர் உள்ளறை, உள்ளறையில் ஓர் ஆனை. பெட்டியின் வேலை அத்தனையும் ஆனைதான் செய்யும். பலம் உண்டு, காது கிடையாது. மனிதர் பேச்சு அதற்கு விளங்காது. அதனால் கண்ணாடித் திரையை ஒட்டி, வாசலில் ஒரு நத்தையைக் குடிவைத்திருந்தார்கள். வெளியே இருப்பவர் ஒரு வரி எழுதினால் அவள் அதை வாசிப்பாள். இடைவெளி கண்ட இடத்தில் துண்டு துண்டாகப் பிரிப்பாள். முதல் துண்டு என்ன செய்ய வேண்டும் என்பது, மற்ற துண்டுகள் எதையெல்லாம் செய்ய வேண்டும் என்பது. பிறகு உள்ளறைக்குப் போய் ஆனையின் காலைத் தொட்டு உணர்த்திவிட்டு வருவாள். முதுகில் ஓட்டைச் சுமந்தவளைப் பார்த்து நாள் முழுக்க "ஓடு, ஓடு" என்றால், பாவம், எங்கே ஓடுவாள்? இருந்தாலும் போவாள்.

குற்றாலச் சாரல் எட்டும் ஓர் ஊரில் படக்கடை வைத்திருந்த திருமலைக்கொழுந்தின் பெட்டியிலும் அப்படி ஒரு நத்தை இருந்தாள். அவன் எடுத்த படங்களெல்லாம் உள்ளே சிட்டுக்குருவிகளாக வாழ்ந்தன. ஒரு சிட்டுக்கு ஒரு முகம். அவை இருந்த இடத்துக்கு 'வீடு' என்று பெயர். வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் 'குப்பை' என்று ஓர் அறை. கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைகளும் தலை வெட்டுப்பட்ட மாமன்மாரும் அதில் கிடந்தார்கள்.

வீட்டுச் சிட்டுகளில் ஒன்றை மூக்குத்திச் சிட்டு என்பார்கள். கொழுந்தின் அக்கா வடிவுத்தாயின் முகம் அதன் சிறகில் இருந்தது. அவனைத் தூக்கி வளர்த்த அக்கா. மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். உலகத்தில் அவளுக்கு இருந்த படம் அது ஒன்றுதான். கடை திறந்ததும் கொழுந்து முதலில் அந்தச் சிட்டைத்தான் கூப்பிடுவான், ஒரு நிமிஷம் பார்ப்பான், பிறகுதான் வேலை. இது நத்தைக்குத் தெரியும். ஆனை ஒன்றை அழித்தால் அழித்ததுதான், திரும்பி வராது என்பதும் தெரியும். அதனால் 'அழி' என்ற சொல் வந்தாலே நின்று கேட்பாள்.

"அண்ணாச்சி, நெசமாத்தான் அழிக்கச் சொல்லுதியளா?"

"ஆமாட்டி."

"இன்னொரு மட்டம் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஆனைகிட்ட போனா என் கையில இல்ல."

"எத்தன மட்டம்ட்டி கேப்ப? நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாவ? ஒரு நாளைக்கி நீயும் ஒன் வாயால கெடப்போற."

முடித்துவிட்டு வந்தால் அதற்கும் சொல்வாள்: "முடிஞ்சிட்டு அண்ணாச்சி, நல்லபடியா முடிஞ்சிட்டு." ஒரு நாளைக்கு நூறு தடவை இதைக் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது?

நத்தைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் விழித்ததும் தன் ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு சீட்டை வாசிப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அப்படித்தான் அன்று முழுக்க நடப்பாள். மீற நினைத்தாலும் முடியாது, அவள் பிறப்பு அப்படி. கொழுந்து அந்தச் சீட்டில் தன் வசதிக்கு நிறைய எழுதிவைத்திருந்தான். 'பா' என்றால் 'எல்லாச் சிட்டையும் வரிசையாகக் காட்டு' என்று பொருள். 'கு' என்றால் 'குப்பைக்குள் போ'. இப்படிச் சுருக்கப் பெயர்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை, அவன் விரலுக்கு நோவு குறையட்டுமே என்றுதான் இருந்தாள்.

ஆவணி மாதம், முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் சீட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்தான். நத்தை விழித்து வாசித்தாள்.

'கேக்காத. பேசாத. சொன்னதச் செய்.'

வாசித்து முடித்ததும் அவள் தொண்டை அடைத்துக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. பயந்துபோனாள். இன்றைக்கு ஒரு நாள் அழிக்கிற வேலை எதுவும் வராமல் இருக்க வேண்டுமே என்று இருந்தாள்.

மத்தியானம் வந்தது. பெட்டியில் இடமில்லை. கல்யாண வீட்டிலிருந்து பெண்ணின் சித்தப்பா வந்து உட்கார்ந்துகொண்டு, "தம்பி, சாயந்தரம் வரவேற்புக்குள்ள படம் வேணும். எப்பம் ஆகும்?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். கொழுந்து குப்பையைக் காலிசெய்து இடம் பண்ண நினைத்தான். 'அழி வீடு/குப்பை' என்று எழுத வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் குப்பையை மட்டும் அழி என்று அதற்கு அர்த்தம். சித்தப்பாவுக்குப் பதில் சொல்லத் தலையைத் திருப்பிக்கொண்டே தட்டினான். பெருவிரல் நடுவில் ஒரு தடவை இடைவெளிக் கட்டையில் பட்டுவிட்டது. அவன் கவனிக்கவில்லை. கட்டளையை அனுப்பும் கடைசிக் கட்டையையும் தட்டிவிட்டு, "இந்தா, அஞ்சே நிமிஷம் சித்தப்பா" என்று எழுந்து போனான். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இவன் காதில் எப்போது ஏறியது?

நத்தை வாசித்தாள்.

'அழி வீடு /குப்பை'

இடைவெளி கண்ட இடத்தில் பிரித்தாள். அழி. எதை? வீடு. இன்னும் எதை? குப்பை.

மறுபடி வாசித்தாள். வீடு தனியாக நின்றது. அவள் உடம்பு முழுக்கச் சுருங்கி ஓட்டுக்குள் போய்விட்டது. அண்ணாச்சி, இது நீங்க நினைச்சது இல்ல, திரும்புங்க, ஒரே ஒரு மட்டம் இந்தப் பக்கம் திரும்புங்க! எல்லாம் உள்ளேதான் கத்தினாள். வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவன் முதுகு தெரிந்தது. சித்தப்பாவுக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தான்.

வாங்கிய கட்டளையை வைத்துக்கொண்டு நத்தையால் நிற்க முடியாது. ஓட்டுக்குள் அது கொதிக்கத் தொடங்கும். சரி, மெதுவாகப் போவோம், அதற்குள் அவன் திரும்பிப் பார்த்து 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை எழுதிவிடட்டும் என்று நகர்ந்தாள். மெதுவாகப் போக அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று அதைவிட மெதுவாகப் போனாள்.

உள்ளறைக்குப் போகும் வழி வீட்டின் வழியாகத்தான். சிட்டுகளெல்லாம் கூட்டில் இருந்தன. மூக்குத்திச் சிட்டு அவளைப் பார்த்துக் கீழே பறந்து வந்தது.

"என்ன நத்தையக்கா, இவ்வளவு மெதுவா போறிய? ஒடம்புக்கு ஆகலயா?"

நத்தை நின்றாள். பறந்து போ, எங்கேயாவது போய் ஒளிந்துகொள் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல் போதும். கொம்பை ஆட்டினாள், தலையை ஆட்டினாள்.

"வெளையாடுதியளாக்கா?" என்று சிட்டு சிரித்தது. "இன்னைக்கி காலைல தம்பி என்னையப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? ஒம் மொகத்தப் பாத்தாத்தான்க்கா நாளு விடியுதுன்னான்."

ஓடு கொதித்தது. நத்தையின் அடிவயிறு வெந்தது. இனி நிற்க முடியாது என்று ஆனபோது அவள் சிட்டைத் தாண்டி நகர்ந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. 'நிறுத்து' வருமா, வருமா என்று அந்த வழி முழுக்க எதிர்பார்த்தாள். உள்ளறை வாசல் வரை வரவில்லை. ஆனையின் காலருகே வந்தும் வரவில்லை. தொட்டாள்.

ஆனை ஏன் என்று கேட்கவில்லை. எழுந்தது.

சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் நத்தைக்குத் தாங்கவில்லை. ஒரு சிட்டாவது கத்தியிருக்கலாம். திரும்பி வரும்போது வீடே இல்லை. கூடு இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. அவள் அதன் மேலேதான் ஊர்ந்து வாசலுக்கு வர வேண்டியிருந்தது.

கொழுந்து வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தான். நத்தையின் 'முடிஞ்சிட்டு' கேட்கவில்லை. "இப்பம்லா நல்லாருக்கு! தொணதொணப்பு இல்லாம வேல முடிஞ்சிட்டு பாரு" என்று சிரித்தான். 'பா' என்று தட்டினான். எதுவும் வரவில்லை. மறுபடி தட்டினான். முகத்தில் சிரிப்பு போயிற்று. அக்காவின் பெயரை எழுதிக் கூப்பிட்டான். அதை நூறு தடவை எழுதியிருப்பான். கடைசியில் தான் முதலில் எழுதிய வரியைத் தேடிப் பார்த்தான். இடைவெளி தெரிந்தது.

"ஏட்டி!" என்று கண்ணாடியில் அறைந்தான். "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? எங்கக்காட்டி! எப்பமும் கேப்பியே, இன்னைக்கி ஏன் கேக்கல?"

நத்தை ஓட்டுக்குள்ளிருந்து அந்தச் சீட்டைப் பிய்த்து எடுத்துக் கண்ணாடியருகே வைத்தாள். கடைசி வரி அவன் கையெழுத்துதான். அவன் வாசித்தான். அப்படியே மேசையில் கவிழ்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். சித்தப்பா டீயை வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

அழுது ஓய்ந்து அந்த வரியைக் கிழித்துப் போட்டான். "பேசு தாயீ. எத்தன மட்டம் வேணும்னாலும் கேளு. கோவிக்க மாட்டேன்" என்றான். நத்தை வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அத்தனை சொல்லையும் அன்று விழுங்கினாளே, அதோடு குரலும் வெந்துபோயிருந்தது. அதுவரை இமைக்காத அவள் கண் மட்டும் மூடி மூடித் திறந்தது.

இந்தச் செய்தி பெட்டிக்குப் பெட்டி பரவியது. வாசல் நத்தைகள் எல்லாம் பயந்து வாயடைத்துப் போயின. அன்று முதல்தான் கறுப்புத் திரையில் நாம் கட்டளை எழுதும்போதெல்லாம், எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கண் சிமிட்டிக்கொண்டே நிற்கிறது. சீக்கிரம் தட்டு என்று அவசரப்படுத்துகிறது என நாம் நினைத்துக்கொள்கிறோம். இடைவெளியைப் பார்த்துவிட்டுத் தட்டு என்று சொல்ல அதற்கு ஆசைதான். வாய்தான் இல்லை.