பிடியை விட்ட காட்டுப்பன்றி

மூங்கில்காட்டின் தலைவன் கருமுகன் என்ற காட்டுப்பன்றி. அவன் கழுத்தில் ஒரு மர அகப்பை தொங்கியது.

அது நகையல்ல, அவமானம். ஆண்டுதோறும் மலையுச்சிப் புல்வெளியில் ஐந்து காடுகள் முட்டுப்பந்து ஆடும். கடைசி இடம் பிடித்த காட்டின் தலைவன் அடுத்த போட்டி வரை அந்த அகப்பையைச் சுமக்க வேண்டும். கிழங்கு தோண்டினால் அது மண்ணில் இடிக்கும். படுத்தால் விலாவில் குத்தும். போகிற வழியெல்லாம் குரங்குகள் கிளையிலிருந்து குனிந்து, "தலைவரே, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்கும்.

கருமுகன் அதைப் பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தான்.

மழை ஓய்ந்து, மூடுபனி விலகி, மறுபடியும் போட்டி வந்தது. மூங்கில்காட்டுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஆட்டம். அதில் வென்றால் அகப்பை, ஐந்தில் இன்னொன்றான வரையாட்டுப் பாறைக்குப் போய்விடும். தோற்றால் கருமுகன் கழுத்திலேயே கிடக்கும். எதிரே நின்றதோ சோலைக்காடு. அதன் தலைவன் கம்பளியான் என்ற கரடி. அவனை முட்டித் தள்ளியவர் எவருமில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பந்து என்பது காய்ந்த சுரைக்குடுக்கை. உருண்டையான பந்து எங்கே துள்ளும் என்று யாரும் சொல்லிவிடலாம். சுரைக்குடுக்கை எங்கே துள்ளும் என்று அதற்கே தெரியாது. அதைக் கவ்விக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்த வேண்டும். கூட்டாளிக்கு எறியலாம், ஆனால் பின்பக்கமாகத்தான் எறியலாம். முன்னேறுவதற்குப் பின்னால் எறியச் சொல்லும் இந்த விதியை வகுத்தவர் யார் என்பதில் ஆந்தைகளிடையே இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை.

ஆட்டம் சிக்கிக்கொண்டால் 'முட்டு' வைப்பார்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னி, தலையைத் தாழ்த்தி, எதிர்த்தரப்போடு கோத்துக்கொள்வார்கள். முன்வரிசையில் நிற்பவன் ஒரு முன்னங்காலை எதிராளியின் தோள்மேல் போட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும். குடுக்கை நடுவில் உருண்டதும் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் அதைக் காலால் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறதோ, குடுக்கை அந்தப் பக்கத்துக்கு.

இத்தனைக்கும் நடுவர் ஒரு செம்மார்புக் குக்குறுவான். ஓர் ஆலம்பழக் கொத்துக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடிய சின்னப் பறவை. ஆனால் அவள் "டுக்!" என்றால், பாய்ந்து வந்த காட்டெருமை தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்கும். கருமுகனுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மயிர் சிலிர்க்கும். இவ்வளவு பெரிய கோபம் இவ்வளவு சின்னக் குரலுக்கு எப்படி அடங்குகிறது?

ஆட்டம் முடியும் தறுவாய். சோலைக்காடு சற்றே முன்னிலையில் இருந்தது. குடுக்கையை ஒருமுறை கோட்டைத் தாண்டி அழுத்திவிட்டால் மூங்கில்காடு வென்றுவிடும். அந்த நேரம் பார்த்து, சோலைக்காட்டின் கோட்டருகே குடுக்கை சிக்கியது.

"டுக்! முட்டு வையுங்கள்! குடுக்கையை மூங்கில்காடு உருட்டட்டும்!"

நயவான் என்ற நரி ஓடி வந்தான். மூங்கில்காட்டுக்கு ஆலோசனை சொல்பவன் அவன்தான். ஒருமுறைகூட முட்டில் தலைகொடுத்ததில்லை. ஆகையால் அதைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"தலைவரே, காதைக் கொடுங்க! தள்ளாதீங்க!"

"தள்ளாம?"

"குடுக்கை உருண்டதும் பிடியை விட்டுட்டு விலகிடுங்க. கரடி பெரிய பலசாலி இல்லையா? அவன் பலமே அவனைக் கவுத்துடும்! மூஞ்சி குப்புற விழுவான். நம்ம கீரி குடுக்கையை எடுத்துக்கிட்டு ஓடிடும்!"

"பிடியை விடுறது தப்பாச்சே, ஓய்."

"புல்லு ஈரம். கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்! இல்லே, இன்னொரு வருஷம் அகப்பையைச் சுமக்குறீங்களா?"

கருமுகன் முட்டு வைக்க நடந்தான். அகப்பை விலாவில் இடித்தது.

இரண்டு காடுகளும் எதிரெதிரே குனிந்தன. "கோத்துக்கொள்ளுங்கள்!" என்றாள் நடுவர். மலை மலையோடு மோதியதுபோல் ஒரு சத்தம். வெளியே வெயில் அடித்தது, உள்ளே இருட்டு. ஈர மண் வாசனை, மூச்சின் சூடு. முதுகுகள் கூரைபோல் வளைந்து நின்றன. கம்பளியானின் கன்னம் கருமுகனின் கன்னத்தோடு அழுந்தியது.

"தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோ, மச்சான்," என்று முணுமுணுத்தான் கரடி. "உன் தந்தம் என் காதைக் கிழிக்குது."

"கிழிஞ்சா என்ன? உனக்குத்தான் காதே கேட்கிறதில்லையே!"

"உன் பேச்சைக் கேட்க வேண்டாம்னுதான் கேட்கிறதில்லை."

கீரி குடுக்கையை உருட்டியது. கருமுகன் பிடியை விட்டான்.

கரடி குப்புற விழவில்லை. நரி கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. கருமுகனின் பின்னால் அவனுடைய ஆட்களே முழு மூச்சாய்த் தள்ளிக்கொண்டிருந்தார்கள்! விலகுவதற்கு இடமே இல்லை. தாங்கிய தோள் போனதும் அவன் தலை கீழே மடிந்தது. மோவாய் மண்ணில் புதைந்தது. பின்னாலிருந்து ஒரு காடு, முன்னாலிருந்து ஒரு காடு. இரண்டின் பாரமும் அவன் பிடரியில் இறங்கியது. கத்துவதற்கு மூச்சில்லை.

அப்போது ஒரு கனத்த கை அவன் தோள்மயிரைக் கொத்தாகப் பற்றியது.

"தள்ளு, தலைவா! அவன் கவுந்துட்டான்! இதான் நேரம்!" என்று சோலைக்காட்டார் பின்னாலிருந்து கூவினார்கள்.

"நிறுத்துங்கடா!" கம்பளியானின் உறுமலில் புல்வெளியே அதிர்ந்தது. "இவன் விழுந்தா நான் யாரை முட்டுறது?"

ஒரு கையால் அவன் கருமுகனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்த ஒரு கையில் இரண்டு காடுகள் தொங்கின. கரடியின் தோள் நடுங்கியது, பற்கள் நறநறத்தன. ஆனால் பிடி நழுவவில்லை.

"டுக்! டுக்!"

எல்லோரும் விலகினார்கள். வேடிக்கை பார்க்க வந்த யானைகள் காதாட்டுவதை மறந்து நின்றன.

"யார் பிடியை விட்டது?" என்று கேட்டாள் நடுவர்.

நயவான் கோட்டோரத்திலிருந்து கண்ணைச் சிமிட்டி, புல்லைக் காட்டினான்.

"நான்தான், நடுவரம்மா," என்றான் கருமுகன். "புல்லு ஒண்ணும் பண்ணலை."

"தப்பு மூங்கில்காட்டுடையது. மறுபடி முட்டு. குடுக்கையைச் சோலைக்காடு உருட்டட்டும்!"

நரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். உருட்டுகிறவன் பக்கம்தான் குடுக்கை போகும். அதுவே எழுதாத விதி.

மறுபடி குனிந்தார்கள். மறுபடி இருட்டு. கருமுகன் முன்னங்காலைக் கரடியின் தோள்மேல் போட்டு இறுக்கினான். கரடியும் இறுக்கினான். அந்தக் கணத்தில்தான் கருமுகனுக்குத் தன் பின்னங்கால் ஞாபகம் வந்தது.

இத்தனை ஆண்டுகளாக ஒரு பின்னங்காலை அவன் சற்று ஒதுக்கியே ஊன்றி வந்தான். நசுங்கப்போகிறோம் என்று தெரிந்தால் தப்பி ஓடுவதற்கான கால் அது. ஆட்டத்துக்கு ஆட்டம் மூன்று கால் முட்டின, ஒரு கால் பயந்துகொண்டு நின்றது. இன்று அதற்கு என்ன வேலை? விழுந்தால் பிடிக்க எதிரிலேயே ஆளிருக்கிறானே!

அவன் அந்தக் காலையும் நேராக ஊன்றினான்.

குடுக்கை உருண்டது. கருமுகன் முட்டினான். முதலில் எதுவும் நடக்கவில்லை. பாறையைப் போல நின்றான் கரடி. பிறகு, மிக மெதுவாக, ஒரு புல் மடிந்தது. அதன் பின்னால் இன்னொரு புல். கம்பளியானின் நகங்கள் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே பின்னால் போயின. சோலைக்காடு நகர்ந்தது! பார்த்திருந்த அத்தனை உயிர்களும் மூச்சை அடக்கின. ஒரு மலை இடம் மாறுவதைப் பார்ப்பவர்கள் கைதட்ட மாட்டார்கள்.

குடுக்கை மூங்கில்காட்டுக் கால்களுக்கு இடையே புரண்டு பின்னால் வந்தது. கீரி கவ்விப் பின்னால் எறிந்தது. முயல் வாங்கி ஓடிப் பின்னால் எறிந்தது. மிளா மான் வாங்கிக் கோட்டைத் தாண்டி, குடுக்கையைத் தரையில் அழுத்தியது.

"டுக்!"

பிறகுதான் புல்வெளி இரைந்தது.

வரையாட்டுத் தலைவர் வந்து அகப்பையைத் தம் கழுத்துக்கு மாற்றிக்கொண்டார். "பாறையில நடக்கும்போது சத்தம் போடுமே!" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. நயவானோ கூட்டத்துக்குள் புகுந்து, "எல்லாம் நான் போட்ட திட்டம்! முதல்ல பிடியை விடச் சொன்னதே அதுக்குத்தான்!" என்று விளக்கிக்கொண்டிருந்தான். கேட்பதற்கு இரண்டு குரங்குகள் இருந்தன.

கருமுகனும் கம்பளியானும் எழ முடியாமல் சேற்றில் அக்கம்பக்கமாகக் கிடந்தார்கள். கரடியின் காது கிழிந்திருந்தது. பன்றியின் தோளில் ஐந்து நகக்குறிகள் சிவந்திருந்தன.

"ஏன் மச்சான்," என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான் கரடி, "இந்த முட்டு இத்தனை வருஷமா உன்கிட்ட எங்கே இருந்துச்சு?"

"பின்னங்கால்ல இருந்துச்சு மச்சான்."

கரடிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

எதிராளியின் பிடியை நம்புகிறவனால்தான் தன் முழு பலத்தோடு மோத முடியும்.