சட்டைப்பையில் ஒரு பாட்டு

மைக் செட் வெள்ளைப்பாண்டிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு முப்பதுதான் இருக்கும். வேணியம்மா என்று பேர். காவியும் கிடையாது, ஜடாமுடியும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சமாதி மடத்தைப் பெருக்கிக்கொண்டு இருப்பாள். சீடனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அதற்காகத் திட்டுவதில் குறை வைத்ததில்லை.

அன்றைக்கு மத்தியானம் வெள்ளைப்பாண்டி மடத்துக்கு வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. மேலத்தெருவில் ஒரு சாவு வீட்டுக்கு மைக் கட்டியிருந்தார். செத்தவர் லாரி டிரைவர். அவர் பெண்சாதி ஆள் அனுப்பி, ஒரு பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறாள். வண்டியில் எப்போதும் அதைத்தான் கேட்பாராம். எடுப்பதற்குள் ஒரு தடவை போட்டால் போதுமாம்.

"இல்லைன்னு சொல்லிட்டேன் தாயி" என்றார்.

"இல்லையா?"

வெள்ளைப்பாண்டி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பென்டிரைவ் உள்ளேதான் இருந்தது.

டிரைவர் பெண்சாதி கேட்டது கார்முகில் என்ற இசைக்குழுவின் பாட்டு. நாலு பையன்கள். அவர்கள் முதன்முதலாகக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாட வந்தபோது மைக் கட்டியது இவர்தான். கூட்டமே இல்லை. கடைசியாக ஒரு சோகப் பாட்டுப் பாடினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவனுக்கு இன்னும் சோறு எடுத்து வைக்கிறார்கள், அதைப் பற்றிய பாட்டு. வெள்ளைப்பாண்டியின் தம்பி அப்படிப் போனவன். அவன் போனபோது வராத அழுகை, அன்றைக்கு ஒயர் சுருட்டும்போது வந்தது. அதிலிருந்து மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பிட்டால் அந்தப் பாட்டு, படுத்தால் அந்தப் பாட்டு. இவர் பெண்சாதி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மா வீட்டில் போய் ஒரு வாரம் இருந்து வந்தாள்.

பிறகு அந்தப் பாட்டு ஊரெல்லாம் பரவியது. டீக்கடையில் ஓடியது. பஸ் கண்டக்டர் போனில் அடித்தது. கேட்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன சொல்வது? தன் சட்டையை எவனோ போட்டுக்கொண்டு எதிரே வருகிற மாதிரி இருந்ததாம். யார் கேட்டாலும் அந்தப் பாட்டு இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டார்.

"பத்துப் பேர்கூட இல்லாதப்போ கேட்டவன் நான். டீசல் போடுற எடத்துல நின்னு கேட்டவருக்கு அதைப் பத்தி என்ன தெரியும்? அது எனக்குள்ளது தாயி."

வேணியம்மா துடைப்பத்தை ஓரமாக வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு மேலத்தெருவைப் பார்த்து நடந்தாள். இவரும் பின்னாலேயே போனார்.

சாவு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. குழாய் ஸ்பீக்கர் வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். டிரைவர் பெண்சாதியும் அந்த வட்டத்தில் இருந்தாள். குருவும் சீடனும் மைக் செட் மேஜை ஓரமாக நின்றார்கள்.

கீரை விற்கிற பெண் ஒருத்தி அந்த வழியாக வந்தாள். வெளியூர்க்காரி. கூடையைச் சுவரோரம் இறக்கிவிட்டு நேரே வட்டத்துக்குப் போனாள். டிரைவர் பெண்சாதி நகர்ந்து இடம் கொடுத்தாள். கீரைக்காரி அவள் தோளில் கை போட்டு, எப்போதோ கிணற்றில் விழுந்து செத்த தன் மகன் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். டிரைவர் பெண்சாதி அவளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வெள்ளைப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன கூத்து தாயி? செத்தவர் மூஞ்சியைக்கூட அவ பாத்தது கிடையாது. தன் மகனுக்குல்லா அழுதா."

"ஆமா."

"புருசனைப் பறிகுடுத்தவ அவளுக்கு எடம் வேற குடுக்கா."

"தெரியாமக் குடுத்துட்டா போல அண்ணாச்சி. இது என் வீட்டுச் சாவு, நீ எந்திரின்னு சொல்லியிருக்கணும். நீங்க போய்ச் சொல்லிக் குடுங்களேன்."

 பாடையில் பூக்கட்டி முடித்துவிட்டார்கள். எடுக்கப் போகிறோம், கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

வெள்ளைப்பாண்டி சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். இரண்டு தடவை தப்பாகச் செருகி, மூன்றாவது தடவை சரியாகச் செருகினார்.

பாட்டு ஆரம்பித்தது. டிரைவர் பெண்சாதி அழுகையை நிறுத்திவிட்டு மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். வெள்ளைப்பாண்டியும் பதிலுக்குக் கும்பிட்டார். ஆனாலும் பந்தலில் இருந்த ஆம்பளைகள் இரண்டு பேர் கூடவே முணுமுணுத்தது காதில் விழுந்ததும் பழைய எரிச்சல் வந்துவிட்டது. கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது.

வேணியம்மா அவரைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரு முக்குல ஒருத்தர் சைக்கிளை நிறுத்திட்டுப் பாட்டுக் கேக்காரு அண்ணாச்சி. குழாயை அந்தப் பக்கம் திருப்பி வைங்க."