கயித்தானின் முள்வேலி

எந்த ராஜா ஆண்டான் என்று கேட்காதீர்கள். வெகுகாலத்துக்கு முன்னால், அவ்வளவுதான். கடலோரத்தில் ஓர் ஊர். அங்கே கயித்தான் என்றொரு கருவாட்டு வியாபாரி.

ஊரில் அவன் வீட்டுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர்க் கிணறு. ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலையில் கோயிலில் மந்திரிக்கிற தண்ணீர் அங்கிருந்துதான் போகும். அப்பன் காலத்துப் பெருமை அது. கயித்தான் அதற்கு உயிரையும் கொடுப்பான்.

அடுத்த வீட்டில் தம்பி தொம்மை. போன மழைக்காலத்தில் தம்பியின் ஆடு கயித்தானின் முருங்கைக் கன்றைக் கடித்துவிட்டது. ஒரே ஒரு கன்று. கயித்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே உடைமுள் வேலி போட்டுவிட்டான். தம்பி வீட்டுக்குக் கிணறும் இல்லை, பேச்சும் இல்லை.

தவக்காலம் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிய அன்றே கயித்தான் ஒருசந்தி தொடங்கினான். ஒருவேளைச் சோறு, ஒரு துவையல். மனசு அடங்கவில்லை. முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

பாயை விட்டான். வெறுந்தரையில் படுத்தான். அடங்கவில்லை. எழுந்து நடந்தான்.

சாமியாரிடம் போனான். “இன்னும் எதை விடட்டும் சாமி?”

“வீட்டைச் சுற்றித் தேடிப் பார்” என்றார் அவர்.

தேடினான். செருப்பு கண்ணில் பட்டது. அதையும் விட்டான். அடங்கவில்லை. வெறுங்காலோடு நடந்தான்.

“வயித்தைக் கட்டியாச்சு. கோவத்தை எப்பக் கட்டப் போறீய?” என்றாள் மனைவி.

“நோன்பு நேரத்துல வாயக் கிளறாத” என்றான்.

பெரிய சனிக்கிழமை விடிந்தது. வியாழனிலிருந்து கோயில் மணிக்கு ஓய்வு. பூசைக்குக் கூப்பிட மூன்று முறை மரத்தட்டையைத்தான் அடிப்பார்கள். மூன்றாம் தட்டைக்குள் குடம் கோயில் வாசலுக்குப் போய்விட வேண்டும். கயித்தான் நிறைகுடத்தைத் தோளில் ஏற்றினான். தம்பி முற்றத்தைத் தாண்டினால் கோயில். ஆனால் நடுவே அவன் போட்ட வேலி. உப்பளத்தைச் சுற்றித்தான் போகவேண்டும். பூசைக்கு வெறுங்கையோடு போய்வந்தபோது அந்தத் தூரம் அவனுக்கு உறைக்கவில்லை.

உப்பள வரப்பில் கால் வழுக்கியது. தண்ணீர் கொட்டிப் போயிற்று. முதல் தட்டை கேட்டது. திரும்பி ஓடி மொண்டு வந்தான். பசி மயக்கம் கண்ணைக் கட்டியது. மறுபடியும் கொட்டிற்று. இரண்டாம் தட்டை. வெறுங்குடத்தோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

பனங்காட்டு ஊற்றிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள் தம்பி மனைவி லூசியாள். பார்த்தாள். தன் குடத்துத் தண்ணீரில் பாதியை அவன் குடத்தில் சரித்தாள்.

“தினமும் இவ்வளவு தூரமா?” என்றான் கயித்தான்.

“வேலி போட்டதும் நீங்க. தூரம் கேக்குறதும் நீங்களா அத்தான்?”

குடத்தில் தண்ணீர் இருந்தது. கோயில் கண்ணில் தெரிந்தது. ஓடினால் பெருமை பிழைக்கும். எந்தத் தண்ணீர் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கயித்தான் எழுந்தான். தண்ணீரை அவள் குடத்திலேயே திரும்ப ஊற்றினான்.

“நீயே கொண்டு போ தாயி. இந்த வருசம் உன் தண்ணிதான்.”

வீட்டுக்கு ஓடினான். வேலியை வெறுங்கையால் பிடுங்கினான். முள் கிழித்தது. மூன்றாம் தட்டை கேட்டது. அவன் நிமிரவில்லை.

சத்தம் கேட்டுத் தொம்மை அரிவாளோடு வந்தான். அண்ணன் கையில் ரத்தத்தைப் பார்த்தான்.

“முள்ளைக் கையால பிடுங்குவாங்களா? தள்ளு” என்றான். அந்தப் பக்கமிருந்து வெட்டினான்.

வழி திறந்தபோது, வியாழனிலிருந்து ஓய்ந்திருந்த கோயில் மணி பூசையில் மறுபடி அடித்தது. கயித்தான் ஒரு குடம் தண்ணீர் இறைத்துத் தம்பி வீட்டு வாசலில் வைத்தான். அப்புறம் உட்கார்ந்தான். அத்தனை நாளுக்குப் பிறகு, கால் நடக்கச் சொல்லவில்லை.

கேட்டவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள்: அடுத்தவர் வழியில் தான் போட்ட முள்ளை எடுக்காதவனுக்கு எத்தனை நோன்பும் வெறும் பட்டினிதான்.