உட்கார்ந்த நாய்

செம்பி என்ற நாயின் காதில் ஒரு சீழ்க்கை தங்கிப்போயிருந்தது. குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. கேட்டதும் ஓடிவர வேண்டும் என்பது பழக்கம். கடைசியாக அது ஒரு லாரியின் பின்பக்கத்திலிருந்து கேட்டது. செம்பி ஓடியது. லாரி நிற்கவில்லை. சீழ்க்கை அடித்த சிப்பாய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

போர் முடிந்து பட்டாளம் காட்டைவிட்டுப் போன நாள் அது. கூடாரம், கயிறு, மண்வெட்டி, நாய் என்று வரிசையாக எழுதி, மேலே ‘விட்டுச்செல்லும் பொருள்கள்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். சிப்பாய்கள் தோளில் வைத்துக் கொஞ்சிய மந்தி அந்தக் காகிதத்தில்கூட இல்லை. அதுவும் காட்டிலேயே நின்றுவிட்டது.

பட்டாளம் போனதும் விலங்குகள் திரும்பி வந்தன. தாகத்தோடு வந்தன. வற்றாத தண்ணீர் நாணல் குளத்தில் மட்டுமே இருந்தது. குளத்துக்குப் போகும் வழியெல்லாம் மண்ணுக்குள் கண்ணிவெடிகள். முதல் நாளே இரண்டு மான்கள் செத்தன.

கூட்டத்தின் தலைவனான காட்டுப்பன்றி செம்பியைத் தேடி வந்தது.

“உனக்கு வெடியை மோப்பம் பிடிக்கத் தெரியுமாமே?”

“தெரியும். வெடிக்கு முன்னால் போய் உட்காருவேன். குரைக்க மாட்டேன். நான் உட்கார்ந்தால் அதைத் தாண்டி யாரும் கால் வைக்கக் கூடாது.”

“எங்களுக்கு வழி காட்டு! குளத்தில் முதல் வாய்த் தண்ணீர் உனக்குத்தான்!”

பதினோரு நாள் செம்பி மூக்கைத் தரையோடு வைத்து நகர்ந்தது. அது உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கூட்டத்தில் இருந்த மிளா மான் ஒரு முள்கிளையைப் போட்டது. கிளைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு பாதை உண்டானது. பன்னிரண்டாம் நாள் குளம் கண்ணில் பட்டது. கூட்டம் செம்பியை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய்க் குடித்தது.

செம்பி கரைக்கு வந்தபோது பன்றி குறுக்கே நின்றது.

“உன்மேல் மனித வாடை அடிக்கிறது. அந்த வாடை பிடித்துப் பட்டாளம் திரும்பி வரும். போய்விடு!”

“முதல் வாய்த் தண்ணீர் என்றாயே?”

“பாதை முடிந்தது. உன் வேலையும் முடிந்தது.”

மிளா தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டிருந்தது. மரத்தில் இருந்த மந்தி அவசரமாகச் சொன்னது: “பட்டாளமா? எனக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லை, அண்ணே!”

செம்பி, சிப்பாய்கள் விட்டுப்போன பதுங்குகுழிக்குத் திரும்பியது. மணல்மூட்டைமேல் படிந்த பனியை நக்கி நாளைக் கடத்தியது.

கோடையில் ஒருநாள் திடீரென்று பெருமழை கொட்டியது. மேட்டு மண் கரைந்து பாதைமேல் இறங்கியது. முள்கிளைகளை வெள்ளம் அடித்துப் போனது. மறுநாள் காலை கூட்டம் குளத்துக்குக் கிளம்பியபோது, பாதையின் நடுவில் செம்பி உட்கார்ந்திருந்தது.

“எழுந்திரு!” என்றது பன்றி.

“மாட்டேன். எனக்கு முன்னால் வெடி இருக்கிறது.”

“நேற்று வரை இல்லையே?”

“மழை மண்ணை நகர்த்திவிட்டது. மண்ணோடு அதுவும் நகர்ந்திருக்கிறது.”

மந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “அண்ணே, முகாமில் நான் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன்! இது உட்காரும், உடனே ஒரு பிஸ்கட் கொடுப்பார்கள். மறுபடி உட்காரும், மறுபடி பிஸ்கட்! பசிக்கு உட்கார்கிற நாய் இது!”

“முகாமோடு உனக்கு ஒட்டே இல்லை என்றாயே?” என்று மிளா கேட்டது.

மந்திக்குக் காது கேட்கவில்லை.

பன்றி யோசித்தது. “நாற்பது இடத்தில் உட்கார்ந்தாய். ஒரு இடத்திலாவது வெடித்ததா?”

“நான் உட்கார்ந்ததால்தான் வெடிக்கவில்லை!”

“வாய் மட்டும் நீளம்! நகரு!”

“நான் நகர்ந்தால் நீங்கள் நடப்பீர்கள்.”

பன்றி தலையைத் தாழ்த்தியது. மிளா, “கொஞ்சம் பொறு...” என்று இழுத்தது. அதற்குள் பன்றியின் கோரைப்பல் செம்பியின் விலாவில் இறங்கியது. செம்பி புதருக்குள் போய் விழுந்தது. பன்றி நிமிர்ந்து ஓர் அடி வைத்தது.

பூமி குரைத்தது.

புகை அடங்கியபோது பன்றியின் முன்னங்கால் ஒன்று இல்லை. மிரண்ட கூட்டம் நான்கு பக்கமும் சிதறிப் பாய்ந்திருந்தது. பாய்ந்த பிறகுதான் எல்லாவற்றுக்கும் உறைத்தது. எதுவும் பாதையில் இல்லை. அடையாளக் கிளை ஒன்றும் மிச்சமில்லை. தூக்கிய காலைக் கீழே வைக்கப் பயந்து ஒவ்வொன்றும் அப்படியே நின்றது. கீழே குதித்திருந்த மந்தி தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டது.

“செம்பி!” என்று மிளா அழைத்தது. மற்றவையும் அழைத்தன. “செம்பி! செம்பி!”

புதர் அசைந்தது. விலாவிலிருந்து ரத்தம் சொட்டச் செம்பி வெளியே வந்தது. மூக்கைத் தரையில் வைத்தது. ஒவ்வொரு விலங்கிடமும் போய், அதைத் தன் பின்னால் வரிசையில் நிறுத்தியது. கடைசியாகப் பன்றியிடம் வந்தது.

“என்னை விட்டுவிடாதே!” என்றது பன்றி.

“நான் கால் வைத்த இடத்தில் கால் வை. பேசாதே.”

வரிசை நகர்ந்தது. செம்பி ஓர் இடத்தில் உட்கார்ந்தது, எல்லாம் நின்றன. எழுந்து சுற்றிப் போனது. எல்லாம் சுற்றிப் போயின. இன்னோர் இடத்தில் உட்கார்ந்தது. மூச்சுக்கூட விடாமல் நின்றன. பாறைத்தரைக்கு நாலு அடி இருக்கும்போது செம்பி படுத்தது.

எல்லாம் நின்றன.

“படுத்தால் என்ன அர்த்தம்?” என்று பன்றி முனகியது.

“முகாமில் இது இப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை, அண்ணே” என்றது மந்தி. “பெரிய வெடியாக இருக்குமோ?”

யாரும் கால் எடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது எல்லாவற்றுக்கும் அந்த நாய்மேல் அவ்வளவு நம்பிக்கை! பொழுது சாயும் நேரத்தில்தான் மிளா கழுத்தை நீட்டி முகர்ந்து பார்த்தது. செம்பியின் உடம்பு குளிர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வேலை இருக்கும்வரை கூப்பிட்டு, முடிந்ததும் துரத்துகிறவர்கள், ஆபத்து வரும்போது உண்மையைச் சொல்ல வருபவரை அடையாளம் காண மாட்டார்கள்.

பன்றி மூன்று காலோடு இன்னும் ஆறு வருடம் வாழ்ந்தது.